மூன்றே மூன்று டாலெக்குகள்

கதை முடிந்துவிட்டது. காலியான செட்டின் மீது பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது ஓரத்திலிருந்து பர்னபாஸ் காலின்ஸ் வருகிறார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் சவப்பெட்டிக்குள் பூட்டப்பட்டுக் கிடந்து எழுந்த ரத்தக்காட்டேரி, ஊரையே நடுங்கவைக்கிற ஆள். கையில் தன் துணிமணியைத் தூக்கிக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவரின் நடையில் வருகிறார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது சற்றுத் தாமதமாகத்தான் அவருக்கு உறைக்கிறது.

ஜொனாதன் ஃபிரிட் என்ற கனடா நாட்டு மேடை நடிகர்தான் பர்னபாஸ். தொடர் ‘டார்க் ஷேடோஸ்’. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி 1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை வாரத்துக்கு ஐந்து நாள், பிற்பகலில், அரைமணி நேரம் ஒளிபரப்பியது. மொத்தம் 1225 எபிசோடுகள். ஃபிரிட் துணியோடு நடந்து வந்த காட்சி கழித்துப்போட்ட படத்துண்டு அல்ல. அப்படியேதான் வீடுகளுக்குப் போயிற்று. பள்ளிவிட்டு ஓடிவந்து டிவி முன் உட்கார்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இப்போது டிவிடியிலும் அது இருக்கிறது. எம்பிஐ நிறுவனம் 2012இல் முழுத்தொடரையும் 131 தட்டுகளாக, சவப்பெட்டி வடிவப் பெட்டியில் அடைத்து விற்றது. அந்த 131 தட்டிலும் எங்கே கை வைத்தாலும் ஏதாவது ஒன்று அகப்படும். பூம் மைக் மேலிருந்து எட்டிப்பார்க்கும், அல்லது அதன் நிழல் பேய்வீட்டுச் சுவரில் விழுந்து நடிகரோடு சேர்ந்து நடக்கும். கல்லறைக் கல்லில் யாராவது சாய்ந்தால் கல் ஆடும். அறைந்து சாத்திய கதவு பூட்டிக்கொள்ளாமல் மெதுவாகத் திறந்துகொள்ளும். மர்மமான மௌனத்தின் நடுவே ஸ்டுடியோவில் யாரோ இருமுவார்கள். ஃபிரிட் சாபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கண்ணை ஓரமாக நகர்த்துவார். அடுத்த வரி அங்கே டெலிபிராம்ப்டரில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அந்தப் பார்வை குற்ற உணர்ச்சியாகத் தெரிந்தது. வரி மறந்த பயம் கதாபாத்திரத்தின் பயமாக மாறிவிட்டது. அவரைச் சில வாரங்களுக்கென்றுதான் கொண்டுவந்தார்கள், கடைசிவரை போகவிடவில்லை.

இத்தனை பிழையையும் ஏன் விட்டார்கள் என்றால், திருத்துவது தப்பு செய்வதைவிட அதிகச் செலவு. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய பதிவு இயந்திரத்தின் வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். ஒரு மணி நேரச் சுருள் 300 டாலர் அளவுக்கு விற்றது. சினிமாப் படச்சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் தெரியும், வெட்டலாம். டேப்பில் எதுவும் தெரியாது, பழுப்பு நாடா அவ்வளவுதான். நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை அதன்மேல் தடவி, காந்தத்தடங்கள் மேலே தெரிந்ததும் உருப்பெருக்கியில் பார்த்து, சரியான இரண்டு கோடுகளுக்கு நடுவே பிளேடு வைத்து வெட்டி ஒட்டவேண்டும். மயிரிழை பிசகினால் ஒளிபரப்பில் படம் குதிக்கும். ஒட்டுப்போட்ட டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவதும் சிரமம். நாளைக்கு ஒரு எபிசோடு தரவேண்டிய இடத்தில் யார் இதற்கு உட்காருவது? ஆகவே நாடகம்போல ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக நடித்தார்கள். வசனம் மறந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுத்தார். ஈ வந்து முகத்தில் உட்கார்ந்தால் ஈயோடு நடித்தார்கள்.

டேப்பின் கதை இன்னோரிடத்தில் வேறுமாதிரி. ராட் செர்லிங்கின் ‘ட்விலைட் ஸோன்’ படச்சுருளில் எடுக்கப்பட்ட, ஒளியமைப்புக்குப் பெயர்போன தொடர். அதன் இரண்டாம் பருவத்தில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடுகளை மட்டும் வீடியோ டேப்பில் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு எபிசோடுக்குச் சுமார் 5,000 டாலர் மிச்சம். ஆர்ட் கார்னி குடிகாரச் சாண்டா கிளாஸாக வரும் 1960 கிறிஸ்துமஸ் எபிசோடு அந்த ஆறில் ஒன்று. ப்ளூரேயில் மற்ற எபிசோடுகளில் சிகரெட் புகையின் சுருள்கூடத் தனித்தனியாகத் தெரியும்போது, இந்த ஆறும் சோப்பு நுரைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல மங்கிக் கிடக்கின்றன. என்ன செய்தாலும் அவை கூர்மை பெறா, டேப்பில் அதற்குமேல் எதுவும் இல்லை. கணக்குப்பிள்ளை ஒருவரின் முடிவு அறுபது வருடம் கழித்தும் திரையில் தெரிகிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

லண்டனில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’வுக்கும் இதே நெருக்கடி. 1963 நவம்பர் 23இல் தொடங்கிய அந்தத் தொடரை லைம் குரோவ் என்ற பழைய, இடநெருக்கடி மிகுந்த ஸ்டுடியோவில் எடுத்தார்கள். முதல் கதையின் இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அவர் எடுத்த முதல் எபிசோடில் காலயந்திரத்தின் கதவு மூட மறுத்தது. நாயகனான டாக்டரின் குணமும் வேண்டிய அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்தது. மேலதிகாரி சிட்னி நியூமன் பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். அப்படி மறுமுறை எடுக்க அனுமதி கிடைத்தது அபூர்வம். கதவு மூடாத அந்த முதல் பதிவு தப்பிப் பிழைத்து 2006இல் டிவிடியில் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு தொடர் தன் சுருதியைக் கண்டுபிடிக்கிற தருணத்தையே பார்த்துவிடலாம். நடிப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்கத் தகும்.

டாக்டராக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னல் வரிகளைத் தடுமாறுவதில் புகழ்பெற்றவர். கதிர்வீச்சுத் தடுப்பு மருந்து என்று சொல்லவேண்டிய இடத்தில் கதிர்வீச்சுத் தடுப்புக் கையுறை என்று சொல்லிவிட்டு, சட்டென்று திருத்திக்கொள்வார். உடன் வரும் ஆசிரியர் செஸ்டர்டனின் பெயரை வாய்க்கு வந்தபடி மாற்றிமாற்றிச் சொல்வார். இதில் ரத்தநாள நோய் தின்ற ஞாபகம் எவ்வளவு, ஞாபகமறதிக் கிழவரை நடித்துக்காட்டிய சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. டாக்டர் என்ற அந்தப் பாத்திரமே பாதி இந்தத் தடுமாற்றத்தால் ஆனது. ஒரு தடுமாற்றத்தை ஒலித்தடத்தில் நறுக்கி எடுக்க இன்றைய மென்பொருளுக்கு இரண்டு நிமிடம் போதும். எடுத்தால் ஹார்ட்னலைத்தான் எடுத்ததாகும்.

இங்கேதான் பழைய தொடரைத் தட்டில் வெளியிடுகிறவரின் பிரச்சினை ஆரம்பிக்கிறது. அவர் மேசைக்கு வருகிற பிரதியில் இரண்டு விதமான குறைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று எடுத்த நாளில் சேர்ந்தது: தடுமாறிய வசனம், ஆடிய சுவர், மைக் நிழல். இன்னொன்று பிறகு காலம் சேர்த்தது: கீறல், தூசி, பூஞ்சை, வெளிறிய நிறம், அமுங்கிப்போன ஒலி. பின்னதைத் துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும், முன்னதைத் தொடக்கூடாது. நான் வெகுநாளாகக் கொண்டிருக்கிற கொள்கை இதுதான். சொல்லும்போது மிகச் சுலபமாக இருக்கிறது. நம் ஊரில் திருப்பணி என்ற பெயரில் கல்தூண்மேல் மணலைப் பீய்ச்சியடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு உளித்தடத்தையும் சேர்த்துச் சுரண்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. படச்சுருளில் எடுத்த தொடர்களுக்கு இதே கதி அடிக்கடி நேர்கிறது. படச்சுருளுக்கே உரிய நுண்மணிகளை அழுக்கு என்று நினைத்து இயந்திரம் வழித்துவிடும். நடிகரின் முகம் மெழுகாகி நிற்கும்.

ஆனால் எது காலத்தின் அழுக்கு என்று முன்கூட்டியே நமக்குத் தெரியுமா? ‘டாக்டர் ஹூ’வுக்கே திரும்புகிறேன். பிபிசி அதன் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டது. நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு இருந்தது, டேப் விலை அதிகம், வீட்டில் வாங்கி வைத்துப் பார்ப்பார்கள் என்பது யார் கனவிலும் இல்லை. பிழைத்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக்கு விற்பதற்காக எடுத்த 16 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிரதிகள்தான். டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை நிறுத்தி எடுப்பார்கள். டேப்பில் நொடிக்கு 50 அசைவு, ஃபிலிமில் 25தான். ஆகவே ஸ்டுடியோ நாடகத்தின் வழவழப்பான ஓட்டம் போய், சினிமாபோலக் கொஞ்சம் வெட்டிவெட்டி ஓடும். டிவிடிகளைத் தயாரித்த மீட்புக்குழு விட்ஃபயர் என்ற முறையால் நடுவிலிருக்கவேண்டிய அசைவுகளைக் கணக்கிட்டுச் சேர்த்து, பழைய வீடியோ ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த இடைப்பட்ட அசைவுகளை ஒரு இயந்திரம் இன்று ஊகித்துப் போடுகிறது, உண்மை. ஆனாலும் 1964இல் வீட்டில் பார்த்தவர் கண்ட ஓட்டம் அதுதான். புதிதாக ஒன்றைச் சேர்த்து மூலத்துக்கு நெருங்குகிற விசித்திரம்.

அதைவிட விசித்திரம் நிறத்தின் கதை. 1970களின் தொடக்க எபிசோடுகள் சில, வண்ணத்தில் எடுக்கப்பட்டு, கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டும் மிஞ்சின. அவற்றில் சிலவற்றை உற்றுப்பார்த்தால் படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஊரும். வண்ண அலைவரிசையைப் பிரதி எடுக்கும்போது வடிகட்டி போட்டு நீக்கியிருக்கவேண்டும், போடாததால் வந்த கோளாறு அது. முப்பது நாற்பது வருடம் எல்லோருக்கும் அது எரிச்சலூட்டும் குறை. பிறகு பிபிசியில் வேலைபார்த்த ஜேம்ஸ் இன்செல், அந்தப் புள்ளிகளே நிறத்தின் எச்சம், அவற்றைப் படித்து நிறத்தைத் திரும்ப வரைந்துவிடலாம் என்றார். முன்னாள் பிபிசிப் பொறியாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் அதற்கான மென்பொருளை எழுதினார். ‘டாட்ஸ் ஆர்மி’ என்ற நகைச்சுவைத் தொடரின் 1969ஆம் ஆண்டு எபிசோடு ஒன்று இப்படி நிறம் மீண்டு 2008 டிசம்பரில் ஒளிபரப்பானது. அடுத்த வருடம் ‘பிளானட் ஆஃப் த டாலெக்ஸ்’ கதையின் மூன்றாம் எபிசோடு டிவிடியில் வண்ணத்தோடு வந்தது. ‘த மைண்ட் ஆஃப் ஈவில்’ என்ற ஆறு எபிசோடு கதைக்கு வரும்போதுதான் வேடிக்கை. அதன் முதல் எபிசோடில் புள்ளிகளே இல்லை. யாரோ பொறுப்பாக வடிகட்டியைப் போட்டிருக்கிறார்கள். சுத்தமாக வேலை செய்தவரின் பிரதியில் நிறம் செத்தது. அலட்சியக்காரரின் பிரதியில் உயிரோடு இருந்தது. முதல் எபிசோடுக்கு ஸ்டூவர்ட் ஹம்ஃப்ரிஸ் என்பவர் முக்கியமான சட்டகங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டவேண்டி வந்தது. அது 2013இல் வெளியானது.

அந்தப் புள்ளிகளை 1995இலேயே யாராவது துப்புரவாக வழித்து, வழித்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்? காலத்தின் அழுக்கைத் துடைக்கலாம் என்ற என் கொள்கையில் இங்கே ஒரு ஓட்டை. துடைப்பதைப் பிரதியில் துடைக்கவேண்டும், மூலத்தின் மேல் துணிகூடப் படக்கூடாது என்று அதற்கு ஒட்டுப்போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஓட்டை எதிர்ப்பக்கத்தில். எடுத்த நாளின் பிழையைத் தொடாதே என்கிறேன். ஆனால் எடுத்த நாளில் யாரும் பார்க்க முடியாத பிழையை என்ன செய்வது? பழைய பெட்டி டிவிகள் படத்தின் விளிம்பை நான்கு பக்கமும் கொஞ்சம் சட்டத்துக்குள் விழுங்கிவிடும். ஒளிப்பதிவாளருக்கு அது தெரியும். மைக் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் அவர் கவலைப்படமாட்டார், யார் பார்க்கப்போகிறார்கள்? இன்றைய தட்டு விளிம்புவரை காட்டுகிறது. கூர்மையும் அப்படித்தான். ‘ஸ்டார் டிரெக்’ முதல் தொடரின் ‘ஸ்பேஸ் ஸீட்’ எபிசோடில் கேப்டன் கிர்க்கும் வில்லன் கானும் கட்டிப்புரண்டு சண்டை போடுவார்கள். ப்ளூரேயில் பார்த்தால் கிர்க்கின் சட்டைக்குள் வேறொருவர் இருக்கிறார். சாடையில்கூட கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் அல்ல. 1967இல் வரவேற்பறைப் பெட்டியில், ஆண்டெனாவைத் திருகித்திருகிப் பிடித்த படத்தில் இதை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அந்த மங்கலை நம்பித்தான் அந்தச் சண்டையைப் படமாக்கினார்கள். மங்கலும் அவர்கள் கையிலிருந்த ஒரு கருவி. நாம் அதைப் பிடுங்கிக்கொண்டு, அம்மணமாக நிற்கிறாயே என்கிறோம்.

என்றாலும் அந்தச் சண்டைக்கலைஞரின் முகத்தை அழித்து ஷாட்னரின் முகத்தை ஒட்டச் சொன்னால் நான் சம்மதிக்கமாட்டேன். விழுந்தது அவர், அடிபட்டது அவர் இடுப்பு. ஐம்பது வருடம் கழித்தாவது அவர் முகம் தெரியட்டும்.

‘ஸ்டார் டிரெக்’கில் இதைவிடப் பெரிய அழிப்பு நடந்தது. நாற்பதாம் ஆண்டையொட்டி 2006இல் சிபிஎஸ் நிறுவனம் 79 எபிசோடுகளையும் மெருகேற்றியபோது, விண்கப்பல் காட்சிகளைக் கணினியில் புதிதாக உருவாக்கி மாற்றியது. பழைய காட்சிகளில் எண்டர்பிரைஸ் கப்பல் பெரும்பாலும் தன் வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டு போகும். காரணம் சாதாரணமானது. பதினோரடி நீள மரமாதிரியின் இடப்பக்கம் வழியாகத்தான் விளக்குகளுக்கான ஒயர்கள் வெளியே வந்தன, அந்தப் பக்கத்தைக் காட்ட வழியில்லை. அந்த மரமாதிரி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தில், அக்கறையோடு பழுதுபார்க்கப்பட்டு, கண்ணாடிக்குள் இருக்கிறது. பொருளுக்கு இந்த மரியாதை; அந்தப் பொருள் திரையில் ஓடிய காட்சியைத் தூக்கிவிட்டு, எந்தப் பக்கமும் திரும்புகிற, ஒயரே இல்லாத ஒரு கப்பலை ஓட்டினார்கள். நல்லவேளையாக 2009இல் வந்த ப்ளூரேயில் இரண்டையும் வைத்தார்கள். ரிமோட்டில் ஒரு பொத்தான், எது வேண்டுமோ அது. கணினிக் காட்சிகள் 2006ஐச் சேர்ந்தவை என்பது இன்றைக்கு நன்றாகவே தெரிகிறது. மரக்கப்பலைவிட வேகமாக அவைதான் கிழடுதட்டிவிட்டன.

அதே நிறுவனம் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்குச் செய்தது வேறு. அது 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டு, டேப்பில் தொகுக்கப்பட்டது. 2012 முதல் 2014 வரை, கிடங்கிலிருந்த மூல நெகடிவ்களைத் தேடி எடுத்து, 178 எபிசோடுகளையும் பழைய வெட்டுக்கு வெட்டு மறுபடி தொகுத்தார்கள். கப்பல் காட்சிகளையும் பெரும்பாலும் அந்நாளில் மாதிரிகளை வைத்து எடுத்த ஃபிலிம் துண்டுகளையே அடுக்கிச் சேர்த்தார்கள். மிக்ஸியில் போட்டுச் சட்டினி அரைத்த காரியமில்லை, அம்மியில் உட்கார்ந்து அரைத்த காரியம். செலவுக்கேற்ற விற்பனை வரவில்லை என்பார்கள். அடுத்த தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ இன்னும் பழைய டேப் தரத்திலேயே கிடக்கிறது.

இனி ‘டாக்டர் ஹூ’வின் வில்லன்களான டாலெக்குகள். 1972இல் வந்த ‘டே ஆஃப் த டாலெக்ஸ்’ கதையின் உச்சக்கட்டத்தில் எதிர்காலத்திலிருந்து டாலெக் படை வந்து ஒரு மாளிகையைத் தாக்கவேண்டும். உலகத்தையே அடிமைப்படுத்திய படை. ஆனால் பிபிசியிடம் இருந்த டாலெக் கூடுகள் மூன்று. புல்வெளியில் மூன்று டாலெக்குகள், ஒன்று தங்க நிறம், பக்கத்தில் குரங்குமுக அடியாட்கள் சிலர். கேமரா என்னென்னவோ செய்து பார்க்கிறது. எண்ணிக்கை மூன்றைத் தாண்டவில்லை. சக்கரம் வைத்த அந்தக் கூடுகளுக்குள் ஆட்கள் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு புல்மேட்டில் ஏறுகிறார்கள். படையெடுப்பு ஒரு கல்யாண ஊர்வல வேகத்தில் நகர்கிறது. 2011இல் வந்த டிவிடிக்காக ரசிக-நிபுணர்கள் ஒரு சிறப்புப் பதிப்பு செய்தார்கள். பழங்காலக் கேமராவையே தேடிப் பிடித்து, புதிதாக டாலெக்குகளைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். சுடும் ஒளிக்கற்றைகள் வந்தன. குரல்கள் சப்பென்று இருந்தன என்று நிக்கோலஸ் பிரிக்ஸ் புதிதாகப் பேசினார். மிகுந்த திறமையோடு, மூலத்தின்மேல் காதலோடு செய்த வேலை அது. குறைசொல்ல மனம் வரவில்லை. சண்டை இப்போது சண்டைபோல இருக்கிறது.

ஆனாலும் நான் அதே பெட்டியில் உள்ள பழைய பதிப்பைத்தான் திரும்பப் போடுகிறேன். பழைய பதிப்பில் மூன்று டாலெக்குகளைப் படையென்று நம்பவைக்க எல்லோரும் படுகிற பாடு தெரிகிறது. டாக்டராக வரும் ஜோன் பெர்ட்வீயின் முகத்தில் முந்நூறு டாலெக்குகளைப் பார்க்கிற கலவரம். ராணுவ வீரர்களாக வருகிறவர்கள் மூன்றே கூடுகளைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். கையில் இல்லாததை நடிப்பால் ஈடுகட்டுகிற வேலை அது. தெருக்கூத்தில் இரண்டு பேர் நின்று பதினெட்டு அக்குரோணி சேனை என்றால் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சிறப்புப் பதிப்பில் டாலெக்குகள் பெருகியதும் நடிகர்களின் பாடு குறைந்துவிடுகிறது. அவர்கள் அன்று கொடுத்த கூடுதல் உழைப்பு இப்போது மிகைநடிப்பாகத் தெரிகிறது. திருத்தம் தொட்ட இடத்தோடு நிற்பதில்லை, சுற்றியிருப்பதையும் கோணலாக்குகிறது.

என் வாதத்துக்கு ஒத்துவராத தொடர் ஒன்று உண்டு. ‘மேஷ்’. கொரியப் போர் மருத்துவமனையைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். 1972 முதல் 1983 வரை ஓடிற்று, போரே மூன்று வருடம்தான். ஃபிலிமில் எடுத்தது, எதிரே பார்வையாளர் யாரும் இல்லை. ஆனாலும் சிபிஎஸ் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்தே தீரவேண்டும் என்றது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. அறுவைச்சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கூடாது என்று பேரம்பேசி வாங்கினார். பிரிட்டனில் பிபிசி சிரிப்பொலி இல்லாமலே காட்டியது. டிவிடியில் சிரிப்பை நிறுத்திவைக்க ஒரு வசதி தந்தார்கள். படைத்தவரே வேண்டாம் என்ற குறை அது, வெளியிலிருந்து திணிக்கப்பட்டது. என் கொள்கைப்படி எடுத்த நாளின் குறை, தொடக்கூடாது. மனசாட்சிப்படி அதை நீக்கியது நியாயம்.

சிரிப்பில்லாமல் பார்த்தேன். தொடர் கறுத்துவிடுகிறது. நாயகன் ஹாக்ஐயின் துணுக்குகள் ஒவ்வொன்றும் மௌனத்தில் போய் விழுகின்றன. பயந்த மனிதன் பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பேசிக்கொண்டே இருப்பது தெரிகிறது. இதுதான் கெல்பார்ட் எழுதியது. பிறகு சிரிப்போடு பார்த்தேன். அறுவைக்கூடத்துக் கதவு திறந்ததும் சிரிப்பு சட்டென்று அறுபடுகிறது. அந்த அறுபடலில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் ஒரு எழுத்தாளனுக்கும் நடந்த சண்டையின் எல்லைக்கோடு கிடக்கிறது. சிரிப்பே இல்லாத பதிப்பில் அந்தக் கோடு தெரியாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடு என்றால் கெல்பார்ட்டின் பக்கம்தான் நிற்பேன். விட்டுக்கொடுக்கத் தேவையில்லாமல் ஒரு தட்டில் இரண்டு ஒலித்தடம் வைக்கிற தொழில்நுட்பம் இருக்கும்போது இந்தக் கேள்வியே எழவேண்டியதில்லை.

பாட்டு விஷயத்தில் அப்படி இரண்டு தடம் வைத்துத் தப்ப முடியாது. ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய தொடர், ஒலித்தட்டுகள்தான் அதன் உயிர். 2007இல் வந்த டிவிடியில் உரிமைத்தொகைக்குப் பயந்து பாடல்களை மாற்றிப் பெயர்தெரியாத இசையைப் போட்டார்கள். 2014இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலானவற்றை மீட்டுத் தந்தது. குறையைச் சரிசெய்கிறேன் என்ற சாக்குகூட இங்கே இல்லை, கல்லாப்பெட்டிதான் காரணம்.

தட்டுகள் போய் இணையவழி ஒளிபரப்பு வந்தபின் கெடுதல் வேறு ரூபம் எடுத்திருக்கிறது. ஏறத்தாழச் சதுரமான பழைய படத்தை அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். ‘ஸைன்ஃபெல்ட்’ தொடரில் ‘பள்ளம்’ என்றே பெயர்வைத்த எபிசோடு ஒன்று உண்டு. நெட்ஃபிளிக்ஸ் பிரதியில் ரோட்டுப் பள்ளம் சட்டகத்துக்குக் கீழே போய்விட்டது. ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் மூன்று வகை டஃப் பீரும் மேலே ஒரே குழாயிலிருந்து வருகிற நகைச்சுவை, டிஸ்னியின் பதிப்பில் குழாய் வெட்டுப்பட்டு வெறும் மூன்று பீப்பாய்களாகிவிட்டது. ரசிகர்கள் கத்தியபின் 2020இல் பழைய அளவையும் கொடுத்தார்கள். ‘பஃபி’ தொடரை அகலமாக்கப் போய், ஓரத்தில் நின்ற படப்பிடிப்புக் குழுவினர் சட்டகத்துக்குள் வந்துவிட்டார்கள். பகலில் எடுத்து நீலம் ஏற்றி இரவாக்கிய காட்சிகளில் நீலத்தை மறந்துவிட்டதால், சூரிய வெளிச்சத்தில் ரத்தக்காட்டேரிகள் உலவுகின்றன. பழைய பிழைகளைக் காப்பாற்றச் சொல்லி இவ்வளவு எழுதுகிறவன் இவற்றையும் காப்பாற்றச் சொல்லவேண்டாமா என்று கேட்கலாம். மாட்டேன். ‘டார்க் ஷேடோஸ்’ மைக் நிழலுக்குப் பின்னால் நாளை மதியத்துக்குள் ஒரு எபிசோடு தரவேண்டிய அவசரம் இருந்தது. இங்கே அவசரமும் இல்லை, வறுமையும் இல்லை, யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தட்டு விற்கிற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. என் கவலை படத்தரத்தைப் பற்றியதல்ல. தட்டில் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, தேர்ந்தெடுக்கும் பொத்தான் என் கையில் இருந்தது. இணையவழி வருவது ஒரே பிரதி. நேற்றிரவு அதை மாற்றியிருந்தால் இன்று எனக்குத் தெரியவும் வராது.

எந்தப் பிழை நாளைக்கு உதவும் என்று யாருக்கும் தெரியாது என்பதற்கு ‘டாக்டர் ஹூ’வே கடைசிச் சாட்சி. 1960களில் ஆஸ்திரேலியாவில் அதைக் குழந்தைகளுக்குக் காட்டுமுன் தணிக்கையாளர்கள் பார்த்தார்கள். கழுத்தை நெரிப்பது, அலறுவது, பயங்கரமாகச் சாவது எல்லாவற்றையும் ஆட்சேபகரம் என்று கத்தரித்தார்கள். கத்தரித்ததை அரசாங்க வழக்கப்படி பத்திரமாகக் கோப்பில் சேர்த்தார்கள். அந்த எபிசோடுகளில் பலவற்றின் முழுப்பிரதி பிறகு எங்குமே இல்லாமல் போயிற்று. தணிக்கைத் துண்டுகள் 1996இல் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைத்தன. 2004இல் வந்த ‘லாஸ்ட் இன் டைம்’ டிவிடித் தொகுப்பில் அவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். பல துண்டுகள் சில நொடிகளே ஓடும், கதை என்னவென்று பிடிபடாது. யாராவது கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்கள், அடுத்த துண்டில் வேறு யாரோ அலறுகிறார்கள். நான் அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.